பறக்கும் சுறாவுக்கு ஈரத்துணி

"றம்ஸான் காக்கா, சுறா பறந்தா அதுட செவுளுக்கு என்ன நடக்கும்?"

திருகோணமலை மீன்சந்தையில் ஹுஸ்னியா இப்படிக் கேட்டால் யாரும் சிரிப்பதில்லை. அவள் அண்ணன் முறையில் காக்கா என்றழைக்கும், மீன் வெட்டும் றம்ஸான் கத்தியை நிறுத்தி யோசித்தார். "காய்ஞ்சு போகும் தங்கச்சி. ஈரத்துணி சுத்தினா ஒருமாதிரித் தாங்கும்."

தொழிலால் அவள் தையல்காரி. துறைமுகத்து ஊழியர்களுக்குச் சீருடை தைக்கிறாள். கழுத்தில் கிடந்த அளவுநாடாவை எடுத்து, பலகையில் கிடந்த சுறாவைச் சுற்றி அளந்து, கொப்பியில் குறித்துக்கொண்டு போனாள். அவளுடைய மாயக்கதை நாவலில், மேகங்களுக்கு மேலுள்ள நகரத்தைக் காக்கும் சுறாக்கள் முப்பத்தாறு அங்குல ஈரத்துணி கட்டியிருப்பது அதனால்தான். இல்லாத ஒன்றை எழுதுமுன் இருப்பவர்களிடம் விசாரிப்பது அவள் வழக்கம். மேகத்தில் நங்கூரம் பிடிக்குமா என்று ஒரு தோணிக்காரரைக் கேட்டாள். "அடியில சேறு இருந்தாப் பிடிக்கும்" என்றார். அவளுடைய மேகங்களுக்கு இப்போது அடியில் சேறு.

கொழும்புப் பதிப்பாளர் ரிஷிகேசன் சுறாவை எடுத்துவிட்டு டிராகன் போடச் சொன்னார். வெள்ளிக்கிழமைக்குள் மாற்றாவிட்டால் புத்தகம் இல்லை. பறக்கும் சுறாவை வாசகர்கள் நம்பமாட்டார்களாம். டிராகனை நேரில் கண்டவர்கள் நாட்டில் நிறையப் பேர் போலும்.

ஏழு வருட எழுத்து. ஹுஸ்னியா பணிந்து, டிராகனோடு சந்தைக்குப் போனாள்.

"காக்கா, டிராகனுக்கு நெருப்பு எங்கயிருந்து வரும்?"

"எனக்கென்ன தெரியும்? நான் அத வெட்டினதில்லயே."

"பறக்கிற சுறாவ மட்டும் வெட்டினீங்களா?"

"அது நம்மட சுறா. பறந்தாலும் விளங்கும்."

அந்த வாரம் ஒரு காவலாளியின் சட்டைக்கு இடக்கையை வலப்பக்கம் வைத்துத் தைத்துவிட்டாள்.

வெள்ளி காலை ரிஷிகேசனின் அழைப்பு வந்தது.

"டிராகன் எழுதிட்டீங்களோ?"

"எழுத ஏலாமக் கிடக்கு சேர்."

"அப்ப எழுதாதேங்கோ. மூண்டு நாளா மண்டைக்குள்ள ஒரே கேள்வி. மேகத்துக்கு மேல மழையில்ல. துணி காய்ஞ்சா ஆர் நனைக்கிறது? டிராகனப் பற்றி எனக்கு ஒரு கேள்வியும் வரேல்ல. சுறா இருக்கட்டும், ஆர் நனைக்கிறதெண்டு மட்டும் எழுதித் தாங்கோ."

ஹுஸ்னியா தையல் மெசினில் நெற்றியைச் சாய்த்து, ஒரு வாரத்து மூச்சை விட்டாள். "கேட்டுச் சொல்றன் சேர்."

கடையைப் பூட்டிக்கொண்டு சந்தைக்கு ஓடினாள். றம்ஸான் நிமிர்ந்து, "இண்டைக்கு என்ன பறக்குது?" என்றார். "சுறாதான் காக்கா. துணி காய்ஞ்சிட்டு" என்றாள். வெயிலில் காய்ந்து கிடந்த சாக்கை வாளியில் தோய்த்துப் பிழிந்து, பலகையில் கிடந்த சுறாவின் செவுளைச் சுற்றி, இறுக்கமில்லாமல், கட்டிவிட்டாள்.