கம்பெனிச் சிவப்பு

தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து எங்களுக்குப் பின்னால் மன்னார்ப் பக்கம் அடம்பனுக்குத் திரும்பி வந்த நாள் முதல், மாமா ஒரே பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தார். முகாமுக்கே திரும்பிப் போகப்போகிறாராம். அங்கேயாவது தெரிந்த முகங்கள் இருக்கின்றனவாம். என் கணவர் அதைக் கேட்கும்போதெல்லாம் சோறு இறங்காமல் தவித்தார். அப்பாவை இங்கேயே இருத்திவிட ஒரே வழி, வளவுக்குள் துருப்பிடித்துக் கிடந்த அவருடைய பழைய உழவு மெசினை, அந்த ட்ரக்டரை, புத்தம் புதிதாக்குவதுதான் என்று முடிவெடுத்தார். மாமாவை உயிலங்குளத்தில் மச்சாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டு வேலையைத் தொடங்கினார்.

எஞ்சினை மெக்கானிக் பார்த்துக்கொண்டார். பெயின்ற் இவர் பொறுப்பு. என் கஷ்டகாலமும் அங்கேதான் ஆரம்பம்.

பழைய பெயின்ற் முழுவதையும் சுரண்டி எறிந்தார். ஆசனத்துக்கு அடியில், வெயில் படாத மூலையில், ஒரு துண்டுச் சிவப்பு கிடைத்தது. அதுதான் கம்பெனிச் சிவப்பாம். அந்தச் சிவப்பைக் கலக்கச்சொல்லி மன்னார்க் கடைக்காரரைப் படாதபாடு படுத்தினார். பளபளத்தால் பிழை, மங்கினாலும் பிழை. அந்த மூலையில் கம்பெனிக்காரன் அவசரத்தில் வழியவிட்ட சொட்டைக்கூட அதே இடத்தில் வழியவிட்டார். தூசி ஒட்டக்கூடாதென்று கோழிகளுக்கு ஊரடங்கு, எனக்கு முற்றம் கூட்டத் தடை. தடையைப்பற்றி நான் முறைப்பாடு எதுவும் செய்யவில்லை.

மாமா வந்தார். மெசினைச் சுற்றிப் பார்த்தார். என் கணவர் பின்னாலேயே சுற்றினார்.

"வடிவாத்தான் இருக்கு. ஆரின்ர மெசின்?"

"உங்கட மெசின்தான், அப்பா."

"என்ர மெசின் பச்சை எல்லோ."

வாங்கிய கிழமையே மாமிக்குச் சிவப்புப் பிடிக்கவில்லையாம். கதவு யன்னலுக்கு அடித்து மிஞ்சிய பச்சையை மாமாவே தூரிகையால் பூசினாராம். அந்தப் பச்சையைத்தான் இவர் யாரோ செய்த பழுதுவேலை என்று திட்டித் திட்டிச் சுரண்டியிருக்கிறார். நாடு விட்டுப் போகும்போது கைக்குழந்தையாக இருந்தவருக்கு என்ன தெரியும்? எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவருடைய முகத்தைப் பார்த்ததும் பாவமாகவும் இருந்தது.

அவர் போய்க் கதவுக்கு அடிக்கிற பச்சையும் தூரிகையும் வாங்கிவந்து மாமாவிடம் கொடுத்தார். மாமா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். கோடு கோணியது, ஊரிலுள்ள ஈ, இலையான் முழுக்கப் பறந்து வந்து ஒட்டியது. கம்பெனிச் சிவப்பு கண்முன்னே மறைந்தது. என் கணவர் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அன்று முழுக்க முகாம் பாட்டுக் கேட்கவில்லை. பொழுதுபடும்போது மாமா தூரிகையைக் காயாமலிருக்கத் தண்ணீருக்குள் வைத்தார்.

"இது காயட்டும். சிவப்புத் தெரியுது, இன்னும் ரெண்டு பூச்சு அடிக்கோணும். பிறகு ட்ரெயிலரும் கிடக்கு."