ஒரு தம்ளர் தண்ணீர்

என் நாத்தனாருக்கு ஒரு மகன் இருந்தான். நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே, ஜுரத்தில் வலிப்பு வந்து இறந்துபோனான். அதன்பிறகு அவர் புருஷன் வீட்டுக்குத் திரும்பவில்லை, எங்களோடுதான் இருக்கிறார். என் மகளுக்குச் சோறு ஊட்டுவது, தலை வாருவது எல்லாம் அவர்தான். பெற்றவள் என்று பெயருக்கு நான். குழந்தை வளர்ந்தது அவர் இடுப்பில்.

எங்கள் சாலவாக்கம் பக்கத்தில் யாருக்கு வலிப்பு வந்தாலும் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பார்கள், வாயில் தண்ணீரை ஊற்றுவார்கள். பத்துப் பேர் கூடினால் பதினோரு வைத்தியம். தடுப்பூசி போட வந்த நர்ஸம்மாதான் ஒருநாள் அங்கன்வாடியில் சொன்னார்: "ஜுரம் ஏறும்போது சில குழந்தைங்களுக்கு இழுக்கும். ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. புடிச்சு அமுக்காதீங்க. வாயில எதுவும் வைக்காதீங்க, ஊத்தாதீங்க. அஞ்சு நிமிஷத்துல நிக்கலைன்னா ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க." எனக்கெதற்கு இதெல்லாம் என்று அரைக்காதில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நடவு நேரம். மகளுக்கு இரண்டு வயது. காலையில் உடம்பு லேசாகச் சுட்டது. மத்தியானம் என் மடியிலேயே கண் மேலே செருகி, கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. பதறாத காரியம் சிதறாது என்பார்கள்; சொன்னவருக்குப் பிள்ளை இல்லை போலிருக்கிறது. எப்படியோ பாயில் ஒருக்களித்துப் படுக்க வைத்தேன்.

நாத்தனார் ஓடிவந்தார். ஒரு கையில் பீரோ சாவி, இன்னொரு கையில் தம்ளர் தண்ணீர்.

"வாயத் தொறந்து ஊத்து, நாக்கு உள்ள பூடும்!"

"வாணாம் அண்ணி. ஊத்தக் கூடாது."

"இன்னாடி பாத்துக்கினு கீற? புள்ள பூடும்டி!"

குனிந்தவரின் கையைத் தட்டிவிட்டேன். தம்ளர் உருண்டது. அவர் கதறியதில் தெருவே கூடிவிட்டது. அதற்குள் இழுப்பு நின்று மகள் சிணுங்கி அழுதாள். அவள் அழுதது காதுக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

உத்திரமேரூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் பரிசோதித்துவிட்டு, "ஜுர வலிப்புதான். வளர வளர நின்னுடும்" என்றார். "வாயில எதுவும் ஊத்தலையே? நல்லவேளை. அந்த நேரத்துல முழுங்க முடியாது. மூச்சுக்குழாய்க்குள்ள போனா உயிருக்கே ஆபத்து."

என் பின்னால் நாத்தனார் நின்றிருந்தார். திரும்பிப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

சாயங்காலம் அனுப்பிவிட்டார்கள். பஸ்ஸில் நாத்தனார் மெதுவாகக் கேட்டார்.

"அன்னிக்கு நான்தான் என் புள்ளைக்கு ஊத்துனேன். பொற ஏறுச்சி. அப்புறந்தான் மூச்சு நின்னுச்சி. அதாலதானா?"

"அது மூளைக்காய்ச்சல் அண்ணி. டாக்டரு அப்பவே சொன்னாருன்னு உங்க தம்பி எங்கிட்ட சொல்லியிருக்காரு. நீங்க இன்னா பண்ணியிருந்தாலும் புள்ள பொழச்சிருக்காது."

அப்படி யாரும் சொன்னதில்லை. எனக்குப் பொய் சொல்லவும் வராது, நாக்கு குழறியது.

வீட்டுக்கு வந்ததும் மருந்து கொடுக்க வேண்டியிருந்தது. மகள் நன்றாக விழித்துக்கொண்டு, "அத்த" என்று அவரிடம் தாவினாள். மருந்தை அவரிடம் நீட்டினேன்.

"நல்லா முழிச்சிக்கினுதானே கீறா. நீங்களே குடுங்க அண்ணி."

அவர் கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

"என் கையால வாணாம்மா."

மகளுக்கு இப்போது நாலு வயது. அவள் தண்ணீர் கேட்டால், குடத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும், நாத்தனார் என்னைத்தான் கூப்பிடுகிறார்.