புத்தூரில் எழுதிய கார்டு

ஆந்திரா தனியாகப் பிரிந்த புதிது. கால் முறிந்து, எலும்புக்குக் கட்டுப் போடும் புத்தூரில் கிடந்தேன். பக்கத்துப் பாயில், வலது கையில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய மீசைக்காரர் ஒருவர். இடது கையாலேயே வாரப் பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருப்பார். ஒருநாள், ஒரு கதையை எழுதியவருக்குக் கார்டு எழுதித் தரச் சொன்னார். "கதை பிரமாதம்" என்று எழுதினேன், பிள்ளைகளே.

"இன்னா நைனா! வைத்தியர்கிட்ட 'வலிக்குது'ன்னு மட்டுமா சொன்ன? எங்கன்னு தொட்டுக் காட்டல? அப்டி எழுது. பொண்ணு வெச்ச சோத்த துன்னாம அந்த அப்பன் எழுந்து போனான் பாரு, அங்க புஸ்தகத்த மூடிட்டேன். நானும் அப்டி எழுந்து வந்தவன்தான்."

அப்படியே எழுதிப் படித்துக் காட்டினேன். காளஹஸ்தியில் இருக்கும் மகளுக்கும் ஒரு கார்டு வேண்டும் என்றார். முகம் தெரியாதவருக்கு மளமளவென்று சொன்னவர், இப்போது கைக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தார். பேனாவோடு காத்திருந்தேன்.

"வரேன்னு எழுது" என்றார் கடைசியில்.