தாழ்ப்பாள் வகுப்பு

லோஜினிக்கு ஒரு கோபம் உண்டு. அதைச் சொல்லாமல் அவளைப் பற்றிச் சொல்ல முடியாது. ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள். மின்சார வேலைக்குப் படித்து, வகுப்பில் ஒரே பெண்ணாக உட்கார்ந்து பாஸ் பண்ணியவளை ஒரு வீட்டுக்காரரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. கடைசியில் கண்டி டவுனில் ஒரு போன் திருத்தும் கடையில் சேர்ந்தாள். லயத்துத் தண்ணீர் மோட்டார் பழுதானபோது ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அதைச் சரிசெய்தது அவள்தான். கோயில் கூட்டத்தில் பொன்னாடை தோட்டத் தலைவருக்குப் போனது. அந்த மனிதர் செய்ததெல்லாம் டோர்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு நின்றதுதான், அதையும் ஒழுங்காகப் பிடிக்கவில்லை. பெண் செய்த வேலைக்குப் பெண்ணின் பேரைச் சொல்ல வேண்டும் என்பது அன்றிலிருந்து அவளுக்கு ஒரு வெறியாகிவிட்டது.

போன வருடம் சேதுராமன் முதலாளி தன் புடவைக்கடையின் மேல்மாடியை ஊருக்குப் பொதுப் பட்டறையாகக் கொடுத்தார். வெளிநாட்டு நிறுவனம் ஒன்று கருவிகள் அனுப்பியது. யாரும் வரலாம், கருவிகளை எடுத்து எதையாவது செய்யவோ திருத்தவோ பழகலாம். முதல் வகுப்புகளுக்குத் தலைப்புத் தேடும் வேலை லோஜினியிடம் வந்தது. கமிட்டி என்று ஒன்று இருந்தால் யோசனைக்கா பஞ்சம்? ரோபோ செய்யப் பழக்குவோம் என்றார் ஒருவர். வீட்டில் பல்ப் போனால் பக்கத்து வீட்டுக்காரனைக் கூப்பிடுகிற ஆள் அவர்.

லோஜினி வேறு வழி பார்த்தாள். வீட்டில் உங்களைப் பாடாய்ப் படுத்துகிற சாமான் எதுவோ அதைத் தூக்கிக்கொண்டு வாருங்கள், அதிலிருந்து தலைப்பை எடுப்போம் என்று சொல்லி அனுப்பினாள். அந்தச் சனிக்கிழமை மேசை நிறைந்துவிட்டது. சூடாகாத ரைஸ் குக்கர், ஷாக் அடிக்கும் அயர்ன், கம்பி ஒடிந்த குடை. கடைசியாகக் கிருஷாந்தி என்ற பெண் ஒரு தாழ்ப்பாளை வைத்தாள். டவுனில் ஒரு துணிக்கடையில் வேலைக்கு நிற்பவள், ஹந்தானையில் அக்கா வீட்டில் இருப்பவள். தாழ்ப்பாள் இன்னும் கடை உறையைவிட்டே வரவில்லை.

"இது புதுசாத்தானே இருக்கு. இதுல என்ன பழுது?" என்றார் சேதுராமன்.

"பழுது இல்லங்க ஐயா. கதவுல போடத் தெரியல. அதைச் சொல்லிக் குடுத்தா நல்லாருக்கும்."

"இதுக்கு ஒரு வகுப்பா? ஏம்மா, வீட்டுல ஆம்பளைங்க இல்லையா?"

"இருக்காங்க."

ஆண்கள் சிரித்தார்கள். பெண்களில் ஒருத்தியும் சிரிக்கவில்லை. லோஜினியின் காதில் விழுந்தது அந்தச் சிரிப்பு மட்டும்தான். கோபக்காரர்களுக்கு எப்போதும் இப்படித்தான், எதிரியின் சத்தம்தான் முதலில் கேட்கும். கிருஷாந்தியைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவள் கேட்கவில்லை.

அவள் கேட்காததை நான் சொல்லிவிடுகிறேன். அக்காவின் புருஷன் குடித்துவிட்டு வரும் இரவுகளில் கிருஷாந்தி படுக்கும் அறைக் கதவைத் தள்ளிப் பார்ப்பான். உள்ளே தாழ்ப்பாள் கிடையாது. அக்காவிடம் சொன்னால் அக்காவின் வாழ்க்கை போய்விடும் என்று கிருஷாந்தி பயந்தாள். வேறு யாரையாவது கூப்பிட்டுப் போட்டால் எதற்கு என்று கேள்வி வரும். தன் கையால் போட்டுக்கொண்டால், ராத்திரியில் பூனை வந்து படுக்கையில் ஏறுகிறது என்று சொல்லிச் சமாளித்துவிடலாம். இதுதான் அவள் கணக்கு.

கமிட்டியில் லோஜினி விடாப்பிடியாக நின்றாள். முதல் வகுப்பே தாழ்ப்பாள் வகுப்பு என்று முடிவானது. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"கூட்ட வழக்கப்படி முன்மொழிஞ்சவங்க பேரைச் சொல்லணும்ல ஐயா? ஆம்பளைங்க தீர்மானத்துக்கெல்லாம் சொல்றோமே" என்றாள்.

"சொல்லிட்டாப் போச்சு. எனக்கென்ன வந்துச்சு?" என்றார் சேதுராமன்.

வகுப்பை அறிவிக்க, டவுனில் ஆட்டோ ஓட்டும் ரவிகுமாரின் வண்டி மைக்கைக் கட்டிக்கொண்டு ஹந்தானை ஏறியது. அன்றைக்கு லீவு நாள், எல்லாரும் வீட்டில் இருந்தார்கள். கதவுக்குத் தாழ்ப்பாள் போடும் பயிற்சி, பெண்களுக்கு இலவசம், இந்தத் தலைப்பை முன்மொழிந்தவர் நமது தோட்டத்தைச் சேர்ந்த செல்வி கிருஷாந்தி. லயம் லயமாக நின்று நின்று சொன்னான். நல்ல குரல் அவனுக்கு. பின்சீட்டில் இருந்த லோஜினிக்குப் பெருமை தாங்கவில்லை. கிருஷாந்தி கேட்டால் எவ்வளவு சந்தோஷப்படுவாள் என்று நினைத்துக்கொண்டாள்.

வகுப்பன்று உட்காரக் கதிரை போதவில்லை. ஹந்தானையிலிருந்தும் வத்தேகமவிலிருந்தும் பெண்கள் வந்திருந்தார்கள். நீ எதற்கு வந்தாய் என்று ஒருத்தியை ஒருத்தி கேட்டுக்கொள்ளவில்லை. அதைப் பார்த்துத்தான் லோஜினிக்கு முதல்முறையாக ஒரு சந்தேகம் வந்தது. கிருஷாந்தியைத் தேடினாள். அவள் இல்லை. அவளுடைய அக்கா புஷ்பராணி முன்வரிசையில் இருந்தாள்.

"தங்கச்சி வரலையாக்கா?"

"நாவலப்பிட்டிக்குச் சித்தி வீட்டுக்கு அனுப்பிட்டோம். கடை வேலையும் போச்சு." புஷ்பராணி குரலை உயர்த்தவில்லை. "மைக்ல பேரைச் சொன்னதும் லயமே கேட்டுச்சு, வயசுப் புள்ளைக்கு எதுக்குத் தாப்பாள்னு. எங்க வீட்டுக்காரருதான் மொதல்ல கத்துனாரு, குடும்ப மானமே போச்சுன்னு. அவரு கத்துன கத்துலதான் எனக்கே வெளங்குச்சு."

லோஜினிக்கு எல்லாம் ஒரே நொடியில் புரிந்தது. ஒளிந்துகொள்ள ஒரு கதவு கேட்டவளை மைக் வைத்து ஊருக்குக் காட்டிக் கொடுத்துவிட்டாள். தன் கோபத்தின் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"நல்லது செய்யுறதா நெனச்சேன் அக்கா."

"தெரியும்."

"அவதான் போயிட்டாளே. நீங்க ஏன் வந்தீங்க?"

புஷ்பராணி எழுந்து மேசைக்கு வந்தாள். டிரில் மெஷினைக் கையில் எடுத்து, அதன் கனத்தைப் பார்த்தாள்.

"வீட்டுல எனக்குப் பொம்பளப் புள்ள ஒண்ணு இருக்கு. பதினொரு வயசாகுது. இதை எப்படிப் புடிக்கணும்னு காட்டுங்க."