ஒரே ஷிஃப்ட் கேட்ட ஸ்டெல்லா

ஸ்ரீபெரும்புதூரில் குடும்ப வாழ்வை வலுப்படுத்த ஒரு மாநாடு நடக்கப் போகிறது, நம் கம்பெனியிலிருந்து ஒரு முன்மாதிரித் தம்பதியை அனுப்ப வேண்டும் என்று பர்சனல் மேனேஜர் சொன்னபோதே எனக்கு ஆத்திரம் வந்தது. எண்பதுகளின் நடுப்பகுதி. நான் டைம் ஆபீஸ் கிளார்க். யாருக்கு எந்த ஷிஃப்ட் என்று சார்ட் எழுதுவது என் வேலை.

அசெம்பிளியில் ஸ்டெல்லா, மெஷின் ஷாப்பில் அவள் கணவர் ஆரோக்கியம். வல்லம் பக்கத்துக்காரர்கள். பெண்களுக்குக் காலை ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் மட்டும்தான். ஆரோக்கியத்துக்கோ நிரந்தரமாக, மதியம் தொடங்கி நள்ளிரவில் முடியும் செகண்ட். அவரையும் ஃபர்ஸ்ட்டுக்கு மாற்றச் சொல்லி ஸ்டெல்லா மூன்று முறை மனு கொடுத்தாள். புருஷன் பெண்டாட்டியை ஒரே ஷிஃப்டில் போடக் கூடாது, அது ரூல் என்பார் மேனேஜர். நானும் அதையே அவளிடம் சொல்லி அனுப்புவேன்.

கடைசியில் அந்த இருவரைத்தான் அவர் தேர்ந்தெடுத்தார். சண்டை சச்சரவு இல்லாத குடும்பமாம். மாநாடு மதியம் மூன்று மணிக்கு. ஆரோக்கியத்தை விட்டால் மெஷின் நின்றுவிடும், அவள் மட்டும் வந்தால் போதும் என்றும் சொல்லிவிட்டார்.

மேடையில் மேனேஜரும் இருந்தார், கீழே நானும் உட்கார்ந்திருந்தேன். தலைமை தாங்கிய அதிகாரி, கணவர் வரவில்லையா என்று ஸ்டெல்லாவிடம் அன்பாகத்தான் கேட்டார்.

"கம்பெனில கீறாரு சார். நான் வெளிய வந்தா அவரு உள்ள போவாரு. கம்பெனி கேட்டாண்ட வூட்டுச் சாவி குடுக்கறப்போ பாத்துக்குவோம். எங்களுக்குள்ள சண்டை இல்லதான். சண்டை போட ஏது சார் நேரம்?"

மண்டபமே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. மேனேஜர் மைக்கை வாங்கி, தமாஷான பொண்ணு என்றார். கணவனும் மனைவியும் தினம் ஒரு மணி நேரமாவது மனம்விட்டுப் பேச வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். ஆதரித்துக் கை தூக்கியவர்களில் மேனேஜரும் ஒருவர்.

மறுநாள் ஆரோக்கியத்தை ஃபர்ஸ்ட் ஷிஃப்டில் எழுதி, சார்ட்டைக் கையெழுத்துக்கு வைத்தேன்.

"இன்னாய்யா இது?"

"நேத்து நீங்க கை தூக்கின தீர்மானம் சார்."

சிவப்பு மையால் அடித்துவிட்டு, விளக்கம் கேட்டு எனக்கு மெமோ கொடுத்தார்.

அந்த மெமோவுக்குப் பதில் எழுதத்தான் முதன்முறையாக, கம்பெனியின் விதிப் புத்தகமான ஸ்டாண்டிங் ஆர்டரை முழுக்கப் படித்தேன். அப்படி ஒரு ரூலே அதில் இல்லை. அதைப் பதிலில் எழுதினேன். மெமோவை அதோடு கிடப்பில் போட்டுவிட்டார். ஷிஃப்ட் மாறவில்லை. கிறிஸ்துமஸுக்கு முன்பே ஸ்டெல்லா வேலையை விட்டுவிட்டாள். கணக்கு முடிக்க வந்தவளிடம் உண்மையைச் சொன்னேன்.

"ரூல்னு நீங்கதான சார் சொன்னீங்க. நான் நம்பிக்கினு இருந்தேன்" என்றாள்.

டைம் ஆபீஸுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். ரூல் என்று யார் சொன்னாலும் புத்தகத்தை வாங்கிப் படியுங்கள், பிறகு தொழிலாளியிடம் வாயைத் திறங்கள். அந்த மேனேஜர் மேல் எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. படிக்காமலே மூன்று முறை அவளைத் திருப்பி அனுப்பிய என் மேல் அதைவிட அதிகம்.