அண்ணன் பிடித்த வடம்

தேவன் எனக்குச் செய்ததை மறைத்து வைத்துக்கொண்டு உங்கள் நடுவில் உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை. கேளுங்கள், சகோதரரே.

சார்வரி வருஷம், மாசி மாதம். ராஜபாளையத்துக்கு மேற்கே எங்கள் தோட்டத்தில் கேழ்வரகு கதிர் வாங்கும் சமயம். கிணற்றில் தண்ணீர் இல்லை. மாடு பூட்டிக் கமலை இறைத்தால் கொஞ்சம் சேற்றுநீர் வரும். பிறகு தண்ணீர் மொள்ளும் சால் வெறுமையாய் ஏறும். அந்தக் கதிர் காய்ந்தால் என் பிள்ளைகளுக்குக் கூழுக்கு வழியில்லை. என் மனைவி அன்னம்மாளும் நானும் காலையும் மாலையும் முழங்காலில் நின்று மழை கேட்டோம். வரவில்லை. ஆண்டவர் கைவிட்டுவிட்டாரோ என்று அழுதேன்.

கிணறு எனக்கும் என் அண்ணனுக்கும் பொது. கோடைதோறும் தூர் வாருவோம். அதற்கு முன் இரண்டு வீட்டாரும் சேர்ந்து நின்று கிணற்றுக்குப் பூசை போட்டுத் தேங்காய் உடைப்பது வழக்கம். ஞானஸ்நானம் பெற்ற பிறகு நான் பூசையில் நிற்க மாட்டேன் என்றேன். நீ நிற்காமல் கிணற்றில் மண்வெட்டி விழாது என்றார் அண்ணன். பேச்சு நின்றது. நாலு வருஷ வண்டல் சேர்ந்து ஊற்றுக்கண் அடைந்துபோனது. அவர் கேழ்வரகும் என்னுடையதோடு சேர்ந்துதான் வாடியது. தன் மூக்கை அறுத்தாவது எதிரிக்குச் சகுனத்தடை செய்கிற கதைதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, முட்டையிடும் கோழி ஒன்றைக் காணிக்கையாக எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆலயத்துக்கு நடந்தேன். சகோதரனுக்கு உன்மேல் மனக்குறை இருந்தால் காணிக்கையை அப்படியே விட்டுவிட்டு, முதலில் போய் அவனோடு சமாதானமாகு என்று ஆண்டவர் இட்ட கட்டளையை உபதேசியார் அன்று வாசித்தார். பலமுறை கேட்டதுதான். அன்று நெஞ்சில் குத்தியது. வீம்பு பிடித்தவர் அவர்தானே என்று வாதாடிப் பார்த்தேன். கட்டளையில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. எழுந்து, கால் கட்டிய கோழியை ஆலயப் படியில் விட்டுவிட்டு நடந்தேன். உபதேசியார் திகைத்துப் பார்த்தார்.

திரும்பும் வழியெல்லாம் கால் பின்னுக்கே இழுத்தது. அண்ணன் கிணற்றடியில் நின்றிருந்தார்.

"அண்ணே, நீரு உம்ம வழக்கப்படி பூசை போடும். நான் அதுல நிக்க ஏலாது. ஆனா கெணத்துக்குள்ள நான் எறங்குதேன். வடத்த நீருதான் பிடிக்கணும்."

கிணற்றில் இறங்குகிறவன் உயிர் மேலே வடம் பிடிப்பவன் கையில். பகையாளியிடம் யாரும் அதைக் கொடுப்பதில்லை. அண்ணன் வடம் எடுக்கப் போனார்.

மறுநாள் அவர் பூசை முடிக்கும்வரை தள்ளி நின்று ஜெபித்தேன். பிறகு இடுப்பில் வடம் கட்டி இறங்கினேன். மேலே அன்னம்மாளும் மதினியும் சேறு சுமந்தார்கள். உச்சிவேளையில் பக்கமண் சரிந்து என்னை மார்புவரை மூடியது. ஆண்டவரே என்றேன். வடம் இறுகியது. அண்ணன் என்னை இழுத்துக் கரை சேர்த்தபோது அவர் உள்ளங்கைகள் தோல் உரிந்து ரத்தம் கசிந்தன. நான் அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

கீழே சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தோம். மண் சரிந்த இடத்தில் ஊற்றுக்கண் திறந்து நீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது.

"ஏலே, ஒன் சாமியா ஒன்னய எங்கிட்ட அனுப்புச்சு?" என்றார் அண்ணன்.

"ஆமண்ணே."

"நாலு வருசமா அது எங்கலே போச்சு?"

ஆண்டவர் எங்கும் போகவில்லை. அண்ணனிடம் போ என்று சொல்லிக்கொண்டேதான் இருந்தார். நான் மழை கேட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டு வீட்டுக் கேழ்வரகும் பிழைத்தது. அண்ணன் இன்னும் ஆலயத்துக்கு வரவில்லை. அவருக்காகத் தினமும் ஜெபிக்கிறேன். ஆனால் கோடைதோறும் நான் இறங்குகிறேன், அவர் வடம் பிடிக்கிறார்.

அன்று தூர் வாரியதற்கு அடுத்த ஞாயிறு ஆலயத்துக்குப் போனேன். என் கோழி உபதேசியார் வீட்டில் முட்டையிட்டு அடைகாத்துக்கொண்டிருந்தது. ஆகையால் பிரியமானவர்களே, வானத்தைப் பார்த்து அழுதது போதும். யார் வாசலுக்குப் போகும்படி ஆண்டவர் உங்களுக்குச் சொல்லியிருக்கிறாரோ, ஆண்டவரை நம்பி இன்றைக்கே அந்த வாசலுக்குப் போங்கள். காணிக்கை காத்திருக்கும்.