தப்பாய்ப் போனதைத் தின்கிறவள்

முனையில் திரும்பிய சிவப்பு ஸ்கூட்டர் இன்னும் நிற்கக்கூட இல்லை. அதற்குள் பெய்ரோங் அக்கா சோயா பால் குழலைக் கடித்தபடியே அடுப்புக் கல்லில் நின்ற அம்மாவைப் பார்த்துக் குரல் கொடுத்துவிட்டாள்: "முதலாளியம்மா, முள்ளங்கி கேக் ரெண்டு, காரம் தூக்கலா." ஸ்கூட்டரும் அவளுடையது அல்ல, பசியும் அவளுடையது அல்ல. வருகிறவர் கம்பம் ஏறும் லைன்மேன். அவர் ஹெல்மெட்டைக் கழற்றி வாயைத் திறக்கும்போது கேக் ஒரு பக்கம் சிவந்திருக்கும்.

தைவானின் சின்ச்சூ நகரில் பல்கலைக்கழகத்தின் பின்வாசலுக்கு எதிரே எங்கள் காலை உணவுக் கடை. அம்மா கல்லில் நிற்பாள், நான் ஆர்டர் வாங்குவேன். அம்மாவுக்கு வருகிற ஆண்கள் எல்லாரும் 'அழகா', பெண்கள் எல்லாரும் 'அழகி'. பெயர் கேட்கிற வழக்கமில்லை. பெய்ரோங் அக்காவுக்கு மட்டும் பெயர் உண்டு, ஏனென்றால் கல்லுக்குப் பக்கத்து மேசையை அவள் தன் ஆய்வுக்கூடத்தின் கிளையாக்கி வெகுநாளாகிறது. மடிக்கணினி, ஒற்றைக் காலில் மட்டும் மாட்டிய செருப்பு, கொண்டையில் செருகிய எங்கள் கடைச் சாப்பாட்டுக் குச்சி. குச்சியைத் திருப்பிக் கேட்டால், "வாடகைக்கு எடுத்திருக்கேன்" என்பாள்.

அவள் படிப்பது கணினிக் கட்டமைப்பில் முதுகலை. தொழிற்பள்ளியில் பாதி நாளைத் தூங்கிக் கழிக்கிற எனக்கே புரிகிற மாதிரி அவள் சொன்னது இது: பிராசசர் பொறுமையில்லாத ஜீவன். வழி இரண்டாகப் பிரிகிற இடத்தில், எந்தப் பக்கம் போகவேண்டும் என்று தெரியும்வரை அது காத்திருக்காது. ஒரு பக்கத்தை ஊகித்து வேலையைத் தொடங்கிவிடும். ஊகம் சரியென்றால் நேரம் லாபம். தப்பென்றால் செய்ததையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டுத் திரும்பி வரும். அந்த ஊகத்தைக் கூர்மையாக்குவதுதான் அவள் ஆராய்ச்சி. பழகிப் பார்க்க அவளுக்கு எங்கள் கடை.

தப்பாய்ச் சொன்னால் அதை அவளே வாங்கித் தின்னவேண்டும் என்பது அம்மா போட்ட விதி. அவள் தயங்காமல் ஒத்துக்கொண்டாள். "மெஷினு தூக்கிப் போடும். நான் தின்னுடுவேன்." ஒவ்வொரு முறை தோற்கும்போதும் தட்டை இழுத்து வைத்துக்கொண்டு, "ம், கத்துக்கிட்டேன்" என்பாள். அப்படி அவள் அடிக்கடி கத்துக்கொள்வதற்கு நான்தான் காரணம். லைன்மேனுக்கு ரகசியமாக ஒரு டம்ளர் சோயா பால் கொடுத்தால் போதும், அவளைத் தோற்கடிக்க, பிறந்ததிலிருந்து தொடாத டூனா மீன் முட்டை ரொட்டியைக்கூடக் கேட்பார். அவள் முகம் உருண்டையானதில் என் பங்கு பெரிது. "குட்டிப் பேயே, ஒரு நாள் ஒன்னையும் ஊகிச்சிருவேன்" என்று சொல்லிக்கொண்டே அவருக்காகச் சொன்ன முள்ளங்கி கேக்கை மெல்லுவாள்.

அவர்கள் ஆய்வுக்கூடத்து சர்வரின் தலையில், எங்கள் ஊரில் எல்லா மெஷின் மேலும் வைப்பதுபோல, பச்சைப் பொட்டலச் சோளப்பொரி உட்கார்ந்திருக்கும். மெஷின் மக்கர் பண்ணாமல் ஓடி, பச்சை விளக்கு அணையாமல் எரியும் என்ற நம்பிக்கை. மஞ்சள் பொட்டலம் ஆகாது. தேதி தாண்டவும் கூடாது. புதிது வாங்கி வைப்பது அவள் பொறுப்பு. ஒருமுறை மஞ்சள் பொட்டலத்துக்குப் பச்சைத் தாள் சுற்றிக் கொடுத்தேன். வாங்கிய கையோடு அதை என் தலைமேல் வைத்தாள். "மொதல்ல நீ ஒழுங்கா ஓடு."

இந்தப் பருவம் அவளுக்குப் பெரிய பருவம். பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஒரே சிலிக்கான் தகட்டில் சிப் அடிக்கப்போகின்றன. அதில் அவர்கள் வாத்தியாருக்கு ஒரு மூலை கிடைத்திருந்தது. வகுப்பில் யாருடைய ஊகமுறை ஜெயிக்கிறதோ அதுதான் அந்த மூலையில் ஏறும். மற்றவை திரையில் ஓடி, திரையிலேயே அணைந்துபோகும். அவளுடைய முறையில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது ஊகம் சரியாக வந்திருந்தது. போட்டிக்கு நின்ற ஒல்லி சீனியருடையது ஒரு மயிரிழை குறைவு. அவள் அதை அம்மாவிடம் சொன்ன தோரணையில், சிப் ஏற்கனவே அவள் சட்டைப்பையில் இருந்தது.

முடிவு சொல்லும் நாள் காலையில் அவளை ஒரு தட்டுகூடத் தோற்கவிடக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. அவள் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அவள் சத்தமாக ஊகிப்பாள். வந்தவரிடம் நான் சைகை காட்டுவேன். அவரும் அதையே கேட்பார். லைன்மேன் சரி. வங்கிக்கார அழகி சரி. பள்ளி வாத்தியார் சரி. வரிசையாக எல்லாம் சரி. அவள் குழலை மெல்லுவதை நிறுத்தினாள். அடுத்து வந்தவர் மருந்துக்கடை அம்மாள், இறைச்சி பக்கமே திரும்பாதவர். பெய்ரோங் அக்கா நிதானமாக, "ஹாம் முட்டை ரொட்டி" என்றாள். அந்த அம்மாள் என் கையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், பிறகு புத்தரிடம் மன்னிப்புக் கேட்கிற குரலில், "ஹாம்... ஒண்ணு" என்றார்.

நான் திட்டுக்காகக் காத்திருந்தேன். அவளோ குச்சியைக் கொண்டையிலிருந்து உருவி மேசைமேல் வைத்தாள்.

"எல்லாமே சரியா வந்தா அது ஊகமே இல்ல. எங்கயோ விடை கசியுது," என்றாள் மெதுவாக. பிறகு மடிக்கணினியைத் திறந்தாள்.

சோயா பால் ஆறி ஆடை கட்டியது. அவள் தோண்டியது தன் ஊகமுறையை அல்ல, அதைச் சோதிக்கும் நிரலை. சீனியர்கள் ஜூனியர்களுக்குக் கொடுத்துக் கொடுத்து வந்த நிரல் அது. நன்றாக ஓடுகிறது என்று யாரும் திறந்தே பார்த்ததில்லை. அதில் இரண்டு வரிகள் இடம் மாறிக் கிடந்தன. எந்தப் பக்கம் போகிறது என்ற உண்மையை, ஊகிக்கப் பார்க்கிற பழைய கணக்கிலேயே சேர்த்துவிட்டு, அதற்குப் பிறகுதான் 'ஊகி' என்று கேட்டது. கேள்வித்தாளின் முதுகிலேயே விடை. வரிகளை மாற்றிப்போட்டு ஓட்டினாள். தொண்ணூற்று நான்கு.

மற்றவர்கள் எல்லாரும் அந்தப் பழைய நிரலோடுதானே வருவார்கள், வாயை மூடிக்கொண்டு தொண்ணூற்றொன்பதையே சொல்லிவிட்டு வா, யாருக்குத் தெரியப்போகிறது என்று கேட்டேன்.

"சிப்புக்குத் தெரியும்டி. அது ஓடறப்போ பின்னாடி நின்னு சைகை காட்ட எந்தக் குட்டிப் பேயும் வராது."

செருப்பு இரண்டையும் மாட்டிக்கொண்டு போனாள். அம்மா கல்லைச் சுரண்டுவதை நிறுத்திவிட்டுப் பின்வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நடந்ததை மறுநாள் காலையில் அவளே சொன்னாள். முதல் ஆளாக எழுந்து தொண்ணூற்று நான்கைப் பலகையில் எழுதினாளாம். ஒல்லி சீனியர் தன் காகிதத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தாராம். பிறகு அந்த இரண்டு வரிகளை எண்ணுக்குக் கீழே எழுதினாள். சிரிப்பு அங்கேயே நின்றுபோனது. வாத்தியார், எல்லாரும் சரிசெய்து மறுபடி ஓட்டிக் கொண்டுவாருங்கள், அந்த மூலை யாருக்கு என்பது அடுத்த வாரம் என்று சொல்லி எழுந்து போய்விட்டார்.

கிடைக்காமல் போனால் என்ன செய்வாய் என்று அம்மா கேட்டாள்.

"கிடைக்காமயும் போலாம். ஆனா தொண்ணூத்தி நாலு என்னோடது, முதலாளியம்மா. அவங்களுது எவ்வளவுன்னு அவங்களுக்கே இன்னும் தெரியாது."

முனையில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. நான் வழக்கம்போல அவள் முதுகுக்குப் பின்னால் நழுவினேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மேசைமேலிருந்த தன் ஹெல்மெட்டை எடுத்து, முன்பக்கம் பின்னாலே போகும்படி என் தலையில் கவிழ்த்து, காது மூட அழுத்தி, தாடைப் பட்டியைப் பூட்டினாள். "இனிமே விடை கசியாது, குட்டிப் பேயே." உள்ளே மழையும் எண்ணெயும் கலந்த மணம். இருட்டுக்கு அப்பால் அவள் அம்மாவிடம் தன் ஊகத்தை முணுமுணுத்தாள்; என்னவென்று எனக்குப் பிடிபடவில்லை. கல்லில் முட்டை உடையும் சத்தம் மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது.